சொல்லிக்கொடுத்த ‘ஆமா’

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் என் தலையில் கட்டப்பட்டது. கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கி, “அசையாதீங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஒருவர் பேச ஆரம்பித்தால் கேட்பதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது? எழுந்து ஓடலாம் என்றால் இடது பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தது.

அவரைத் தெருவில் எல்லாரும் பார்லர் அக்கா என்பார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் உட்பட. கடை சின்னது. இரண்டு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, தெருவைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி. கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. ஒரே மகள், பதினைந்து வயது.

“நீங்க கதை எழுதுறவங்கதானே? எனக்கு ஒண்ணு எழுதித் தரணும்.”

“எழுதித் தர்றதுக்கு அது என்ன மனுவா அக்கா?”

“என் பொண்ணு படிக்கணும். நான் வாயால சொன்னா அவ காதுல ஏறாது. புத்தகத்துல இருந்தா படிப்பா. உங்க புத்தகம்கூட ஒண்ணு படிச்சிருக்கா.”

என் முதுகு தானாக நிமிர்ந்தது. “அசையாதீங்க” என்றார்.

“என்ன சொன்னா?”

“எல்லாம் நல்லா இருக்காம். முடிவுதான் சொதப்பலாம்.”

ஒப்புக்கொண்டேன். இரக்கத்தில் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கொஞ்சம் ரோஷமும் இருந்தது.

2

தொடக்கம் ஒன்று:

*கண்ணாடி உடைந்து கொட்டியபோது ஒருத்தி ஓடினாள், இன்னொருத்தி நின்றாள்.*

நல்ல வரி. இதை எழுதிவிட்டு ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், நான் அந்த இடத்தில் இல்லை. இந்தக் கதையைச் சொன்ன பார்லர் அக்காவும் இல்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதுவது எங்கள் தொழில், அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னதுதான் இந்தக் கதையில் எல்லாக் கோளாறுக்கும் காரணம் என்று பிறகு தெரிந்ததால் அந்த வரியைத் தள்ளி வைத்தேன்.

தொடக்கம் இரண்டு:

*காவல் நிலையத்து நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் எப்போதும் முன்விளிம்பில்தான்—*

[விட்டுவிட்டேன். பின்னால் சாய்ந்து நன்றாகத் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.]

தொடக்கம் மூன்று கட்டுரை மாதிரி இருக்கிறது. வாசகருக்குக் கொட்டாவி வரும் என்று தெரிந்தும் விட்டுவைக்கிறேன். இது தெரியாமல் மேலே போக முடியாது.

சிறு வயதில் தப்பு செய்துவிட்டவர்களை எடுத்த எடுப்பில் கோர்ட்டில் நிறுத்தாமல், காவல் நிலையத்திலேயே, பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க, சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் முறைப்படி எச்சரித்து வீட்டுக்கு அனுப்புவதென்று ஓர் ஏற்பாடு உண்டு. தண்டனை இல்லை. வழக்கு இல்லை. காவல் நிலையத்தில் பதிவு மட்டும் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஒரு நிமிடப் புத்திகெட்டதனத்துக்காக ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தலைகுனிய வேண்டாம் என்று யாரோ நல்ல மனதோடு யோசித்துச் செய்தது.

ஒரே ஒரு நிபந்தனை. செய்ததை அந்தப் பிள்ளை தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் எச்சரிக்கை, இல்லையென்றால் கோர்ட். செய்யாத பிள்ளையை யாரும் எச்சரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நிபந்தனை. இதை எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

3

மகளுக்குத் தெருவில் வாயாடி என்று பெயர். திட்டு இல்லை, பட்டம். நாலு வயதில் அம்மா கடைக்கு வந்து, தலையில் சாயம் பூசிக்கொண்டு காத்திருப்பவர்களிடம் “உங்க வீட்ல யாருக்கு வெள்ளை முடி, அதை ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க” என்று விசாரித்தவள். பதினைந்திலும் அது குறையவில்லை. இவளிடம் பேசிவிட்டுப் போகவே சிலர் முடி வளர்வதற்கு முன்பே வந்ததாகக் கேள்வி.

அன்று பள்ளி விட்டு இவளும் ஒரு தோழியும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். பஸ் நிற்காமல் போனது. அதற்கு முந்தைய பஸ்ஸும் நிற்காமல் போயிருந்தது. தோழிக்கு ஆத்திரம். சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லியில் ஒன்றை எடுத்து பஸ்ஸைப் பார்த்து எறிந்தாள். குறி தப்பியது. பஸ் ஸ்டாப்பின் பக்கவாட்டுக் கண்ணாடி முழுசாகக் கொட்டியது. தோழி எடுத்தாள் ஓட்டம்.

இவள் நின்றாள். “நான் ஏன் ஓடணும்? நான் பண்ணலயே.” அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

எதிரே மருந்துக் கடையில் நின்ற ஒருவர், சத்தம் கேட்டுத் திரும்பியவர், போலீசுக்குப் போன் செய்தார். அவர் கண்ணில் பட்டது ஒரு பெண்ணும் கொட்டிக் கிடந்த கண்ணாடியும். ஜீப் வந்தது. “நான் இல்ல. யாருன்னு தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்” என்றாள் வாயாடி. அந்த வயதில் இதைவிட மோசமான பதிலை ஒருவர் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

[தோழியை இந்தக் கதையில் மேற்கொண்டு தேடாதீர்கள். அவள் குற்ற உணர்ச்சியில் வெந்து ஒரு மாலை கதவைத் தட்டி உண்மையைச் சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். உண்மையில் அவள் வரவில்லை. பள்ளியில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.]

4

சில நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மாவும் மகளும் போனார்கள். அதிகாரியின் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்ச். இந்தக் கதையின் முக்கியமான பேச்சு அந்த பெஞ்சில்தான் நடந்தது. பார்லர் அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

“சார் கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வீட்டுக்குப் போயிடலாம்.”

“நான் பண்ணலம்மா.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லச் சொல்ற?”

“கோர்ட்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? வருஷக்கணக்குல இழுப்பாங்க. ஸ்கூல்ல தெரியும், தெருவுல தெரியும். அப்பாவும் ஊர்ல இல்ல. நான் ஒருத்தி எங்கன்னு அலைவேன்?”

“அப்போ நான் பொய் சொல்லணுமா?”

“ஒரே ஒரு வார்த்தைடி. வாயாடி வாயாடின்னு பேரு மட்டும் வாங்கியிருக்க, ஒரு வார்த்தை சொல்ல வலிக்குதா?”

இதைச் சொல்லிக்காட்டும்போது பார்லர் அக்கா கத்தரியை மூடி வைத்துவிட்டார். “சிரிச்சுக்கிட்டே சொன்னேன் மேடம். அவளும் சிரிப்பான்னு நெனச்சேன்.”

வாசகரே, அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். நம் வீடுகளில் கோர்ட்டுப் படி ஏறியவர்களைப் பற்றி எப்படிப் பேசுவோம்? ஜெயித்துவிட்டு வந்தவரைக்கூட “கோர்ட்டுக்குப் போனவங்க” என்றுதான் சொல்வோம். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிற, கடையை ஒரு நாள் மூடினால் அந்த வாரமே இடிக்கிற ஒரு பெண்ணுக்கு, உள்ளே ஒரு வார்த்தை, வெளியே பெரிய இருட்டு. அவர் வார்த்தையை எடுத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உள்ளே ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். இளையோர் பிரிவு அதிகாரிக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகவே பேசினார்.

“உன்னை யாராவது இப்படிச் சொல்லணும்னு கட்டாயப்படுத்தினாங்களாம்மா?”

அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“இல்ல சார்.”

“பஸ் ஸ்டாப் கண்ணாடியை உடைச்சது நீதானா?”

அதிகாரி காத்திருந்தார். மேசைக்கு அடியில் அம்மா மகளின் காலை மிதித்தார்.

“ஆமா.”

அதிகாரி எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். அவளையும் எழுந்து நிற்கச் சொன்னார். அதுவரை ஜலதோஷக்காரராக இருந்தவர் குரலே மாறிவிட்டது. பொதுச்சொத்து யாருடையது, அந்தக் கண்ணாடித் துண்டு ஒரு குழந்தையின் கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆகும், இன்னொரு முறை இப்படி நடந்தால் நேராகக் கோர்ட்டுதான், புரிந்ததா. வாயாடி செய்யாத குற்றத்துக்கு முழுதாக நின்று திட்டு வாங்கினாள். அம்மா கையெழுத்துப் போட்டார்.

“வர்ற வழியில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன் மேடம். சாப்பிட்டா.” பார்லர் அக்கா அந்த ‘சாப்பிட்டா’வை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

5

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். அதிகாரியை அதற்குத் தயார் செய்தேன். மீசை வைத்தேன், மேசையைத் தட்ட வைத்தேன், “ஒத்துக்கோ, இல்லேன்னா உள்ள தள்ளிடுவேன்” என்று ஒரு வசனமும்—

[அடித்தாயிற்று.]

அடிக்கக் காரணம், நான் நேரில் போய் அவரைப் பார்த்ததுதான். எந்த வழக்கைப் பற்றியும் பேச மாட்டேன், பொதுவாக வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். மீசை இல்லை. கேட்டதற்கெல்லாம் யோசித்துப் பதில் சொன்னார். எச்சரிக்கையோடு அனுப்பிய பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை என்றபோது அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அது நடிப்பில்லை.

“செய்யாத பிள்ளை ஒத்துக்கிட்டா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் கட்டாயப்படுத்தினாங்களான்னு கேக்கறோம்.”

“பெத்தவங்க பக்கத்துலயே உக்காந்திருக்கும்போதா?”

அவர் பேனாவை மூடினார். “பெத்தவங்க இல்லாம பிள்ளைகிட்ட கேள்வி கேட்டேன்னு வைங்க, அதுக்கும் நீங்கதான் கதை எழுதுவீங்க.”

சரியான பதில். எழுந்து வரும்போது அவராகவே சொன்னார்: “மேசைக்கு அடியில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்கம்மா. தெரியும். கோர்ட்டுல அந்தப் பிள்ளைங்க நிக்கறதையும் பார்த்திருக்கேன். ரெண்டுல எது மேல்னு தினம் யோசிக்கிறேன்.”

ஆக, வில்லன் இல்லாத கதை இது. எழுதக் கஷ்டமான வகை.

6

அந்த ‘ஆமா’வோடு எல்லாம் முடிந்திருந்தால் பார்லர் அக்கா என்னைத் தேடியிருக்க மாட்டார். ஒரு கெட்ட நாள், ஒரு ஐஸ்கிரீம், மறந்து போயிருக்கும். மகளும் முதல் சில வாரம் சாதாரணமாகத்தான் இருந்தாளாம்.

மாறியது அம்மா.

மகள் தாமதமாக வந்தால் முன்பு “எங்கடி ஊர் சுத்தின?” என்று கேட்பவர், இப்போது பையை ஒரு பார்வை பார்த்தார். சத்தம் போட்டுப் பேசினால் “இன்னொரு தடவைன்னா கோர்ட்டுதான், சார் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்” என்றார். மகள் ஒருமுறை சிரித்துவிட்டு, “அம்மா, அது நான் இல்லன்னு உனக்கே தெரியும்ல?” என்று கேட்டாள். “தெரியும் தெரியும்” என்றார். இரண்டு முறை சொன்னதில் சந்தேகம் இருந்தது என்று இப்போது அவரே சொல்கிறார்.

பிறகு ஒரு காலை. கடையைத் திறக்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். மகள் ஷட்டரைத் தூக்கி விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள், அது வழக்கம். ஷட்டர் ஏறியதும் உள்ளே தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியில் மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். முந்தின மாலை கடையை மூடியவள் மகள்.

பார்லர் அக்கா கண்ணாடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“நீயா?”

யோசித்துக் கேட்டதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“ஆமா” என்றாள். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை, நாற்காலியில் ஆள் இருக்க, தொட்டியில் ஆள் இருக்க, அம்மா அவளைத் தாளித்து எடுத்துவிட்டார். கண்ணாடி உடைக்கிறதே பிழைப்பாகிவிட்டதா உனக்கு என்றார். மறுநாளோ அதற்கு மறுநாளோ, விரிசலுக்கு முந்தின நாள் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட வந்திருந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். “அக்கா, அன்னைக்கு ஏணி சாய்ஞ்சு கண்ணாடியில இடிச்சிடுச்சு. நீங்க வேலையா இருந்தீங்க. பயத்துல சொல்லாம போயிட்டேன். நானே மாத்தித் தந்துடறேன்.”

“அவ பண்ணலன்னு எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் பார்லர் அக்கா. பஸ் ஸ்டாப் கண்ணாடியைச் சொல்கிறார். “ஆமான்னு சொல்லச் சொன்னதே நான்தான். பொய்யின்னு தெரிஞ்சு நானே செஞ்ச பொய். அப்புறம் அதை நானே எப்படி நம்பினேன்?”

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். சொல்லிக்கொடுத்த சொல் நிலைக்காது என்று அர்த்தம். இந்த வீட்டில் அது நிலைத்துவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் தொப்பி போட்டுக்கொண்டு சொன்னதாலா, தன் கையெழுத்து கீழே இருப்பதாலா, அல்லது மகளை அப்படி ஒரு இடத்தில் நிறுத்தியதைத் தாங்க முடியாமல், அவள் செய்துதான் இருப்பாள் என்று மனம் ஒரு மூலையில் தீர்ப்பு எழுதிக்கொண்டதா? மூன்றாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதோ எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

7

மகள் பேசுவதையே விட்டுவிட்டாள் என்று பார்லர் அக்கா சொன்னதிலிருந்து இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாயாடிப் பெண் ஊமையாகிவிட்டாள் என்பது எழுத்தாளர்களுக்கு லட்டு மாதிரி கிடைக்கும் சமாச்சாரம். உண்மையாக இருக்குமா? ஒரு நாள், மிச்சமிருந்த சிரத்தையோடு, வெட்ட முடியே இல்லாத தலையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் இருந்தாள்.

ஊமையெல்லாம் இல்லை. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி, உங்க புத்தகத்துல அந்த அண்ணன் கடைசியில திரும்பி வர்றாரே, ஏன் வர்றாரு? வர்ற ஆள் மாதிரியே இல்லையே அவரு. நீங்களா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தீங்களா?” என்றாள். தொட்டியில் தலையைக் கொடுத்திருந்த அம்மாள் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

பார்லர் அக்கா துண்டை மடித்துக்கொண்டே மகளிடம் கேட்டார். “சாப்பிட்டியா?”

“ஆமா.”

“காய்ஞ்ச துணியெல்லாம் எடுத்து வச்சியா?”

“ஆமா.”

“பரீட்சை தேதி சொல்லிட்டாங்களா?”

“ஆமா.”

அவள் போன பிறகு பார்லர் அக்கா சொன்னார்: “சாப்பிட்டிருக்க மாட்டா. துணி கொடியிலயே இருக்கும். பரீட்சை தேதி இன்னும் போடல. எதைக் கேட்டாலும் இதான் மேடம். திட்டினா ஆமா, கொஞ்சினா ஆமா. நான் சாகட்டுமான்னு கேட்டாக்கூட—” நிறுத்திக்கொண்டார். “எதிர்த்துப் பேசமாட்டாளான்னு இருக்கு. ஒரு தடவை ‘போம்மா’ன்னு சொன்னாப் போதும்.”

வீட்டுக்கு வந்து அன்று எதுவும் எழுதவில்லை.

8

முடிவுகள்.

முடிவு அ: கடை மூடும் நேரம். மகள் வந்து நாற்காலியில் உட்காருகிறாள். “நுனி மட்டும் வெட்டும்மா” என்கிறாள். அம்மா அழுதுகொண்டே வெட்டுகிறார். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். எழுதும்போது நானும் அழுதேன். மறுநாள் படித்தால், அந்த அண்ணனை இழுத்து வந்த அதே கை தெரிகிறது.

முடிவு ஆ: அம்மா காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். அதிகாரி அந்தப் பதிவைக் கிழித்துப் போடுகிறார். இதில் முதல் பாதி நிஜம். பார்லர் அக்கா போனார். “நீங்கதானேம்மா பக்கத்துல இருந்தீங்க?” என்று கேட்டாராம் அதிகாரி. குத்திக்காட்டவில்லை, வருத்தமாகக் கேட்டாராம். பதிவை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்றாராம், ஆனால் மகளை மறுபடி கூப்பிட்டு மறுபடி கேட்க வேண்டியிருக்கும், முன்னால் சொன்னது பொய் என்று அவள் சொல்ல வேண்டும், யார் சொல்லச் சொன்னது என்றும் கேட்பார்கள். மகளைத் திரும்ப அந்த அறையில் உட்கார வைக்கப் பார்லர் அக்காவுக்கு மனமில்லை. எழுந்து வந்துவிட்டார்.

முடிவு இ: இதுதான் எனக்குப் பிடித்தது. இலக்கியமானது. பஸ் ஸ்டாப்புக்குத் திரும்புகிறோம். கண்ணாடி கொட்டுகிறது. ஒருத்தி ஓடுகிறாள். கடைசி வரி: *ஒருவேளை நின்றவள்தான் எறிந்தாளோ, யாருக்குத் தெரியும்.*

மொத்தத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்லர் அக்கா கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, அந்தச் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, உதடு அசையப் படித்தார். மேசைக்கு அடியில் மிதித்த இடம் வந்தபோது நிறுத்திவிட்டு மேலே படித்தார். அதை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

“இது என்ன மேடம்?”

“எது?”

“இந்த ‘ஒருவேளை’.”

“அது வந்துக்கா... கதைன்னா முடிவுல கொஞ்சம் சந்தேகம் இருந்தா வாசகர்கள் யோசிப்பாங்க.”

“சந்தேகமா? எங்க வீட்டுல இருக்கறது போதாதா, நீங்க வேற எழுதணுமா?”

“நான் நேர்ல பார்க்கலயேக்கா. நீங்களும் பார்க்கல.”

“அவ சொன்னா மேடம்.” தாள்களை மடியில் வைத்தார். “பண்ணலன்னு சொன்னா. அது போதும்னு அன்னைக்கே நான் இருந்திருக்கணும். அந்த ஃபைல்ல அவ எறிஞ்சான்னு இருக்கு. கீழே என் கையெழுத்து இருக்கு. எறியலன்னு எங்கயாவது ஒரு இடத்துல இருக்க வேணாமா? அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்?”

நான் நினைத்திருந்தேன், அவருக்கு மன்னிப்பு வேண்டும், மகள் மனம் மாற ஒரு கதை வேண்டும் என்று. அவர் கேட்டது ஒரு சாட்சி. நானோ, சாட்சிக் கூண்டு வரை வந்து “ஒருவேளை” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இதற்கு நல்ல பெயர்கள் உண்டு. நுட்பம் என்போம், வாசகரின் சுதந்திரம் என்போம். மகளை நம்பாத ஒரு அம்மா பட்ட பாட்டை ஏழு பாகம் எழுதிவிட்டு, எட்டாவது பாகத்தில் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கதையில் எழுதினால் யார் நம்புவார்கள் என்று கேட்காதீர்கள். ஊர், பேர் எதுவும் இல்லாத கதை, காவல் நிலையத்துப் பதிவுக்கு முன்னால் நிற்காது. இருந்தாலும், முடிவு இ ரத்து. அந்த இடத்தில் இது:

அவள் கல்லை எறியவில்லை.

9

“இப்ப முடிவுக்கு என்ன பண்றது?” என்று கேட்டேன். எழுத்தாளர் கேட்கக் கூடாத கேள்வி. எனக்கு வேறு வழி இல்லை.

“நான் அவகிட்ட மறுபடி கேக்கறேன்னு எழுதுங்க.”

“எங்க வச்சு? சமையலறையிலயா?”

“அங்க வேணாம். அங்க நான் வேலை பார்த்துக்கிட்டே கேப்பேன். எதிர்ல உக்காந்து கேக்கற மாதிரி எழுதுங்க. ஞாயித்துக்கிழமை. கடை லீவு.”

“முதல்ல மன்னிப்புக் கேக்கறீங்களா?”

யோசித்தார். “இல்ல. மன்னிச்சிடுன்னா அதுக்கும் ஆமான்னுடுவா. முதல்ல கேள்விதான். அன்னைக்கு சார் கேட்ட அதே கேள்வி.”

“கேக்கறீங்க. அவ என்ன சொல்றா?”

பார்லர் அக்கா வாயைத் திறந்தார். “அவ வந்து, இ—”

அப்படியே நிறுத்தினார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அது எழுதத் தயாராக இருந்தது.

“வேணாம் மேடம்,” என்றார். “அதை நான் சொல்லக் கூடாது.”

“அப்போ நான் எழுதட்டுமா?”

“நீங்களும் சொல்லக் கூடாது.”

சரி. அவர் கேட்டபடியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். வீட்டு முன்னறை. மகள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாள். அது இந்தப் பக்கமாகவே இருக்கலாம். அம்மா இன்னொரு நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டு உட்காருகிறார். என்ன கேட்க வருகிறார் என்று மகளுக்குத் தெரியாது. “சாப்பிட்டியா”வாக இருக்கும் என்று நினைக்கிறாள். அதற்கான பதில் தயாராக இருக்கிறது.

“பஸ் ஸ்டாப் கண்ணாடியை உடைச்சது நீதானா?” என்று அம்மா கேட்கிறார்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குகிறாள்.

இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, பதில் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தயவுசெய்து யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.